கொரிய இசைக்குழு பிடிஎஸ்ஸின் பிடி தளர்ந்ததா? பில்போர்டு இதழின் வாராந்தரப் பாடல் தரவரிசைகளில் ஹாட் 100-ஐப் பார்ப்பதா, குளோபல் 200-ஐப் பார்ப்பதா?

எல்லை: ஹாட் 100 அமெரிக்கா மட்டும். குளோபல் 200-இல் 200-க்கும் மேற்பட்ட நாடுகள், பிரதேசங்கள்.

கணக்கு: ஹாட் 100-இல் ஸ்ட்ரீமிங், விற்பனை, வானொலி மூன்றும் சேரும். குளோபல் 200-இல் வானொலி கிடையாது. கொரியப் பாடல்களை அமெரிக்க வானொலி அரிதாகவே போடும் என்பதால் இந்த வித்தியாசம் பெரியது.

ஏமாற்றும் இடம்: பிடிஎஸ்ஸின் 'பட்டர்' பாடல் 2021-இல் முதல் வாரமே 2,42,800 டவுன்லோடுகளுடன் ஹாட் 100-இல் முதலிடம் பிடித்தது. 2022 ஜனவரியில் விதி மாறியது: ஒருவர் ஒரே பாடலை வாரத்துக்கு எத்தனை முறை வாங்கினாலும் ஒன்றுதான் கணக்கு. அந்த ஜூனில் அவர்களின் 'யெட் டு கம்' எட்டியது 13-ஆம் இடம். இதை மட்டும் வைத்து மவுசு குறைந்தது என்பது அநியாயம், அளவுகோலும் மாறியிருக்கிறது.

இரண்டாம் வாரம்: பிடிஎஸ் உறுப்பினர் ஜிமினின் தனிப்பாடல் 'லைக் கிரேஸி' 2023-இல் ஹாட் 100-இல் 1-இலிருந்து 45-க்குச் சரிந்தது. ரசிகர்கள் ஒரே மூச்சில் வாங்கியதற்கும் பொதுமக்கள் தினமும் கேட்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான்.

அமெரிக்கப் பொதுமக்களிடம் செல்வாக்கு அறிய ஹாட் 100. உலகப் பிடிப்பு அறிய குளோபல் 200. எதுவானாலும் பத்தாவது வார இடத்தையும் பாருங்கள். 2022 டிசம்பர் முதல் 2025 ஜூன் வரை பிடிஎஸ் உறுப்பினர்களின் ராணுவப் பணிக் காலம்; அதைச் சரிவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.