பாலைவனத்தில் ஆர்.வி. பயணம்: ஐ-10 போகலாமா, ஐ-40 போகலாமா?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கிக்கு ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில், போக இரண்டு நெடுஞ்சாலை வழி உண்டு. வடக்கே பார்ஸ்டோ, கிங்மன், ஃபிளாக்ஸ்டாஃப் என்று போகும் ஐ-40. தெற்கே ஃபீனிக்ஸ், டூசான் என்று போகும் ஐ-10. இதில் லாஸ் குரூசஸ் போய், அங்கே ஐ-25 பிடித்து வடக்கே ஏற வேண்டும். தெற்கு வழி கிட்டத்தட்ட 200 மைல் சுற்று. யாரைக் கேட்டாலும் ஐ-40 என்றுதான் சொல்வார்கள். கிராண்ட் கேன்யன் பக்கத்தில் இருக்கிறது, பழைய புகழ்பெற்ற ரூட் 66 சாலை இருக்கிறது, தூரமும் குறைவு.

நாங்கள் இரண்டிலும் போய்விட்டோம். ஏப்ரல் கடைசியில் ஒரு முறை ஐ-40, அடுத்த டிசம்பரில் ஐ-10. இரண்டு முறையும் 25 அடி வாடகை வண்டி. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். பெரியவர்களோடு, வண்டியிலேயே சமைத்து, சொந்தக்காரர்களைப் பார்த்துக்கொண்டே போகிற பயணம் என்றால் நான் ஐ-10 பக்கம்தான். அதுவும் நவம்பர் முதல் மார்ச் வரைக்கும். அந்த மாதக்கணக்கை விட்டுவிட்டால் இந்த அலசலுக்கே அர்த்தம் இல்லை.

முதலில் ஏற்றம். காரில் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை, ஆர்.வி.யில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஐ-40இன் ஏற்றம் கொலராடோ ஆற்றங்கரை நீடில்ஸில் சுமார் 500 அடி உயரத்தில் தொடங்கி, ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் 7,000 அடியைத் தாண்டும். எங்கள் வண்டி காலனுக்கு எட்டு, ஒன்பது மைல்தான் கொடுத்தது. கிங்மன் தாண்டி ஏற ஏற எஞ்சின் இரைச்சலில் பின்னால் இருப்பவர்களோடு பேசவே முடியவில்லை. அப்புறம் காற்று. வின்ஸ்லோ பக்கம் திறந்த வெளியில் பக்கவாட்டுக் காற்று அடித்தால், உயரமான வண்டி ஒரு பக்கமாகத் தள்ளப்படுவது ஸ்டியரிங்கிலேயே தெரியும்.

ஐ-10இல் நம் பாதையின் மிக உயரமான இடமே அரிசோனாவின் டெக்சஸ் கேன்யன் பக்கம், சுமார் 5,000 அடிதான். ஆனால் இண்டியோவிலிருந்து சிரியாகோ சமிட் வரை ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. எஞ்சின் சூடேறாமல் இருக்க ஏசியை நிறுத்துங்கள் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் ஏசி தேவைப்படவில்லை என்பதால் தொல்லை தெரியவில்லை. ஜூலையில் அதே ஏற்றத்தில் வயதானவர்களை உட்காரவைத்து ஏசியை அணைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெயில் சும்மா இல்லை. 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. ஆர்.வி. கூரையில் இருக்கும் ஒற்றை ஏசி, வெளியே இருப்பதைவிட சுமார் 20 டிகிரி குறைத்துத் தரும், அவ்வளவுதான். 110இல் 20 போனாலும் உள்ளே 90. கோடையில் ஆர்.வி. எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஐ-40தான், அதிலும் மொஹாவி பாலைவனத்தை விடியற்காலையிலேயே தாண்டிவிட வேண்டும். அதேபோல டிசம்பரில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் போகாதீர்கள். அங்கே வருஷத்துக்குச் சுமார் 100 அங்குலம் பனி கொட்டுகிறது. ஏப்ரல் கடைசியிலேயே ராத்திரி உறைநிலைக்குக் கீழே போய்விட்டது. காலையில் வெளிக்குழாயிலிருந்து வண்டிக்கு வரும் ஹோஸ் உள்ளே ஐஸ் கட்டி, கம்பிபோல விறைத்துக் கிடந்தது. ராத்திரியே ஹோஸைக் கழற்றிவிட்டு வண்டித் தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும் என்று பக்கத்து வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

சமையலுக்கும் இந்த உயரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 7,000 அடியில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பார்த்தால் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. வெறும் பாத்திரத்தில் வைத்த துவரம்பருப்பு முக்கால் மணி நேரம் கழித்தும் நறுக்கென்று இருந்தது. குக்கர் இல்லாமல் ஐ-40 பக்கம் போகவே வேண்டாம். குக்கரிலும் வீட்டில் வைப்பதைவிட இரண்டு விசில் கூட வையுங்கள். இட்லி மாவும் அந்தக் குளிரில் பொங்கவில்லை. ஐ-10இல் அதே மாவு, அதே தூக்குவாளி. டூசானில் காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. வண்டி ஆட்டத்தில் வழியும் என்பதால் பாதி அளவுதான் ஊற்ற வேண்டும், வாளியை சிங்க் தொட்டிக்குள் இறக்கிவைக்க வேண்டும்.

வெளிச் சாப்பாட்டில் இரண்டு சாலையும் சளைத்தவை அல்ல. ஐ-40இல் சைவக்காரர்களுக்கு ஒரு பெரிய ஆறுதல், பஞ்சாபி லாரி ஓட்டுநர்களுக்காக அங்கங்கே முளைத்திருக்கும் தாபாக்கள். டீசல் பங்க்குக்குப் பக்கத்தில், சூடான ரொட்டியும் தாலும் ஊறுகாயும். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, அங்கேதான் மூன்றாவது ரொட்டி கேட்டு வாங்கினார். நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்துவிட்டால் எந்தக் கடையிலும் முதல் கேள்வி, சிவப்பா பச்சையா என்பது. மிளகாய்ச் சாறு எந்த நிறத்தில் வேண்டும் என்று அர்த்தம். இரண்டும் வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் என்று சொல்ல வேண்டும். கூடவே வரும் சோப்பபியா நம் பூரியேதான், தேன் ஊற்றித் தருவார்கள். மிளகாய்ச் சாற்றில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் பொரித்த ரொட்டி கிடைக்கும். அதைச் சாப்பிடும்போது அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை முந்நூறு மைலுக்கு மேல் நடத்தி, நியூ மெக்சிகோவின் கிழக்கே போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்துவைத்தது. சொந்தச் சோளமும் ஆடும் போய்விட்டன; ரேஷனில் கொடுத்த மைதாவும் கொழுப்பும்தான் மிச்சம். அதிலிருந்து வந்தது இந்த ரொட்டி. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகே ஊர் திரும்பினார்கள். என் மகள் பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

ஐ-10இன் சாப்பாடு வேறு விதம். இண்டியோ பக்கம் கோச்செல்லா பள்ளத்தாக்கில் சாலையோரமெல்லாம் பேரீச்சந்தோப்பு. அப்பா உடன்குடிக்காரர், பனையோடு வளர்ந்தவர். தோப்புக்குள் நின்று ஏணி சாத்திய மரத்தைத் தடவிப் பார்த்தார், பாளை எந்த மாதம் வரும் என்று கேட்டார். இங்கே விளையும் மெஜூல் ரகத்தின் தாய் மரங்கள் 1927இல் மொராக்கோவிலிருந்து வந்த 11 கன்றுகள். பேரீச்சம்பழ ஷேக் குடிக்காமல் யாரும் அந்த ஊரைத் தாண்டுவதில்லை. திகட்டும், இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

டூசான் தனியாகவே சொல்ல வேண்டிய ஊர். 2015இல் யுனெஸ்கோ உணவு நகரம் என்று அமெரிக்காவில் முதலில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். டோஹோனோ ஓதாம் பழங்குடி மக்கள் காலங்காலமாக விளைவிக்கும் டெப்பரி அவரை அங்கே கிடைக்கும். மொச்சையில் பாதி அளவு, மானாவாரிப் பயிர், மழை தப்பினாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரு பொட்டலம் வாங்கி ராத்திரி ஊறவைத்து, மறுநாள் புளி ஊற்றிக் குழம்பு வைத்தோம். நல்ல மண்வாசனை, காராமணியைவிடக் கெட்டி. ஊருக்குத் தெற்கே சான் சேவியர் தேவாலயம். 1797இல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம். வாசலில் ஓதாம் பெண்கள் விறகடுப்பில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பார்க்கிற இடங்கள். இதில் ஐ-40க்குத்தான் வெற்றி, மறுப்பே இல்லை. வில்லியம்ஸிலிருந்து 60 மைலில் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு. அங்கேயே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் கிடைக்கும் டிரெய்லர் வில்லேஜ் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். மாத்தர் முகாமில் அவை கிடையாது, 30 அடிக்கு மேல் வண்டியும் விடமாட்டார்கள். விளிம்பின் ஓரம் தார் போட்ட நடைபாதை, இலவச பஸ். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தும் மூன்று மணி நேரம் சுற்றினார். அப்புறம் 50,000 ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளம், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஐ-10இடம் அவ்வளவு பெரிய பட்டியல் இல்லை. ஆனால் டூசானின் சவாரோ கள்ளிக்காடும் வொயிட் சாண்ட்ஸும் போதும் என்பது என் எண்ணம். சவாரோ முதல் கிளையை விடவே 50 முதல் 75 வருஷம் ஆகும். “அப்ப இது என் வயசுக்காரன்லா” என்று அப்பா ஒரு கள்ளியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். வொயிட் சாண்ட்ஸ் லாஸ் குரூசஸிலிருந்து 50 மைல் விலகல். 2019 டிசம்பரில்தான் தேசியப் பூங்கா ஆனது. மேடு மேடாகக் கிடக்கும் வெள்ளை மணல்; சாதாரண மணல் இல்லை, ஜிப்சம் என்ற கனிமம். சூட்டைப் பிடித்துவைக்காது, வெறுங்காலோடு நடக்கலாம். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, “நம்ம தேரிக்கு வெள்ளையடிச்ச மாதிரில்லா இருக்கு” என்றார். தேரி என்பது எங்கள் ஊர்ப்பக்கச் செம்மணல் மேடு. பிள்ளைகள் பிளாஸ்டிக் தட்டில் சறுக்கினார்கள். பூங்காவில் ஆர்.வி.க்கு ராத்திரி இடம் இல்லை, அலமொகோர்டோ பக்கம் தங்க வேண்டும். அருகே ஏவுகணைச் சோதனை நடக்கும் நாளில் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இட விஷயத்தில் ஐ-10 வெகுவாக முந்திவிடுகிறது. குளிர்காலத்துக்கென்றே வடக்கேயிருந்து வண்டிகள் வந்து குவியும் குவார்ட்ஸைட் இந்தச் சாலையில்தான். அரசு நிலத்தில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கும் இடங்கள் அங்கே இருக்கின்றன. கரண்ட், தண்ணீர் கிடையாது. ஜெனரேட்டரை நம்பிப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலைக் கால் தொட்டிக்கு மேல் வைத்திருங்கள். அதற்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும், வண்டியை ஓட்ட மட்டும் எண்ணெய் மிஞ்சும். கலிபோர்னியாவில் பெட்ரோல் விலை அதிகம் என்பதால், கொலராடோ ஆற்றைத் தாண்டி எரன்பர்க்கில் நிரப்பிக்கொண்டு போவது லாபம்.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐ-40இல் ஆல்புகர்க்கியில் தம்பி வீடு, அதற்கு முன்னால் நமக்கு யாரும் இல்லை. ஐ-10இல் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் சித்தி. அந்தப் பக்கக் குடியிருப்புச் சங்கங்கள் பலவற்றில் தெருவில் ஆர்.வி.யை ராத்திரி நிறுத்த அனுமதி இல்லை. முன்பே கேட்டுவிட்டு ஆர்.வி. பார்க்கில் இடம் பிடித்துவிடுங்கள். அப்படிச் செய்ததில் ஒரு நல்லது நடந்தது. சித்தி குடும்பமே அடுக்குக் கேரியரோடு பார்க்குக்கு வந்துவிட்டது. வண்டியின் பந்தலை இழுத்துவிட்டு, கீழே பாய் விரித்து, பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மாவும் சித்தியும் ஆறு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். “அக்கா, நீ படுத்துக்கிட்டே பேசு, நான் எங்கயும் போகல” என்று சித்தி அம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் எல்லோருமாக மரிக்கோபாவில் இருக்கும் மகா கணபதி கோவிலுக்குப் போய்வந்தோம்.

ஐ-10இல் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, புழுதிப்புயல். ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவிலும், லார்ட்ஸ்பர்க் பக்கமும் திடீரென்று எதிரே சுவர்போல எழும். சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கை பிரேக் போட்டுவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பி வந்து மோதுவார். இரண்டு, லாஸ் குரூசஸ் தாண்டி ஐ-25இல் வடக்கே போகும்போது எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. விசாவில் இருப்பவர்கள், ஊரிலிருந்து வந்த பெற்றோர் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், மேல் பரணில் பெட்டிக்குள் அல்ல.

திரும்பும்போது இரண்டு சாலையிலும் கலிபோர்னியாவுக்குள் நுழையும் இடத்தில் வேளாண் சோதனை உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு, செடி எதையும் கேட்பார்கள். கறிவேப்பிலையும் அதில் சேரும். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பூச்சி அதிலும் தங்கும். சித்தி வீட்டுப் பின்கட்டில் ஆளுயரத்துக்கு மேல் கறிவேப்பிலை நிற்கிறது. பச்சையாகக் கொண்டுவர வேண்டாம் என்று அங்கேயே வறுத்துப் பொடியாக்கிக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டு ஆரஞ்சில் ஏழெட்டு மட்டும் மிச்சம் இருந்தது. எரன்பர்க்கில் பெட்ரோல் போட நிறுத்தியபோது ஆறு பேரும் அதை உரித்துத் தின்றுவிட்டு, தோலைக் குப்பையில் போட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டினோம்.