எட்டு மாதக் குழந்தைக்கு லாக்டுலோஸ் சிரப்: மூன்று வாரம் கொடுத்துப் பார்த்ததில்

திருச்சியில் எங்கள் குழந்தை மருத்துவர் மலச்சிக்கலுக்காக எழுதிக்கொடுத்த லாக்டுலோஸ் சிரப்பை என் எட்டு மாத மகளுக்கு மூன்று வாரம் கொடுத்து, சென்ற வாரம்தான் நிறுத்தினேன். மருந்து நல்ல பலன் தந்தது. ஆனால் அது எவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்பதையும், எப்போது அது தேவையே இல்லை என்பதையும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த முதல் இரண்டு இரவுகள் இவ்வளவு கலக்கமாகக் கழிந்திருக்காது. எந்த நிறுவனத்தின் பாட்டில் என்று நான் குறிப்பிடவில்லை. எங்கள் மருந்துக்கடையில் எடுத்துக்காட்டிய மூன்று பாட்டில்களிலுமே 15 மி.லி.க்கு 10 கிராம் லாக்டுலோஸ் என்றுதான் அச்சிட்டிருந்தது.

முதலில் மலச்சிக்கல் எது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதை நானே ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டு பயந்திருக்கிறேன். தாய்ப்பால் மட்டும் குடித்துக்கொண்டிருந்த மூன்றாம் மாதத்தில் என் மகள் ஆறு நாள் வரை மலம் கழிக்காமல் இருந்தாள். ஆறாம் நாள் வந்தது மஞ்சளாகக் களிம்பு போல இளகியிருந்தது, அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றரை மாதத்தைத் தாண்டிய தாய்ப்பால் குழந்தைகள், எடை சரியாக ஏறிக்கொண்டிருந்தால், ஒரு வாரம் வரைகூட இப்படி இருப்பதுண்டு என்றும், நாள்களை எண்ணுவதைவிட வருவது இளக்கமா கெட்டியா என்று பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர் அன்று விளக்கினார். அதற்கும் முன்பு, இரண்டாம் மாதத்தில், பத்துப் பதினைந்து நிமிடம் முகம் சிவக்க முக்கி அழுதுவிட்டு இளகலாகவே போவாள். வயிற்றை அழுத்தும்போது ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பதைச் சிறு உடல் இன்னும் பழகிக்கொள்ளாததால் வருவது அது. தானாகவே சரியாகிவிடும், மருந்து எதுவும் தேவையில்லை என்றார். அப்படியே சரியாயிற்று.

ஏழரை மாதத்தில் வந்தது வேறு. நான்கு நாள் போகாமல் இருந்து, ஐந்தாம் நாள் ஆட்டுப்புழுக்கை போல உருண்டை உருண்டையாக, காய்ந்து வந்தது. கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, என் சுட்டுவிரலை இறுகப் பிடித்தபடி அவள் அலறியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். துணியில் ஓரமாக நூல் போல ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதைப் பார்த்த பிறகு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

என் மாமியார், "வெத்தலைக் காம்புல வெளக்கெண்ணெய் தொட்டு வச்சா இப்பவே போயிடும்மா, உன் வீட்டுக்காரருக்கும் அதான் செஞ்சேன்" என்றார். அவர் சொன்னது முழுக்க முழுக்க அன்பால். அந்தக் கைவைத்தியம் எத்தனையோ வீடுகளில் உடனே பலன் தருவதைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். பின்னர் மருத்துவரிடம் அத்தையையும் அழைத்துச் சென்றபோது அவர் பொறுமையாக விளக்கினார்: காம்பானாலும் சோப்புத் துண்டானாலும் ஆசனவாயின் மெல்லிய சவ்வைக் கீறவோ எரிக்கவோ கூடும், அங்கே ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் வலி கூடும், வலிக்குப் பயந்து குழந்தை மலத்தை அடக்கும், அடக்கிய மலத்தின் நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ள அது இன்னும் காயும். விளக்கெண்ணெயை வாயில் புகட்டுவது அதைவிட ஆபத்து, புரையேறி நுரையீரலுக்குள் போனால் எண்ணெயாலேயே நிமோனியா வரும் என்றார். அத்தை அதற்குப் பிறகு காம்பைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளிலிருந்து குழந்தைக்கு மருந்து கொடுக்கும் வேளையை நினைவூட்டியவரும் அவர்தான்.

மருத்துவரிடம் போவதற்கு முந்தைய இரவு, தொலைபேசியில் அவர் அனுமதித்ததால் ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்துக் குச்சியான கிளிசரின் சப்போசிட்டரி ஒன்று வைத்தோம். குண்டூசித் தலையை விடச் சற்றுப் பெரிய முனையோடு கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் அந்தக் குச்சி, எங்கள் ஊர் வெயிலில் பையிலேயே இளகிவிடும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கடைக்காரர் முதலில் அவசரத்தில் பெரியவர்களுக்கான அளவை எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து உறையைப் படித்த பிறகுதான் தெரிந்தது, மீண்டும் ஓடி மாற்றி வந்தோம். வாங்கும்போதே உறையில் குழந்தைகளுக்கானது என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வைத்த இருபது நிமிடத்தில் அடைத்திருந்தது வெளியேறிற்று, குழந்தை தூங்கினாள். ஆனாலும் அது அன்றைய அடைப்பை மட்டுமே நீக்கும், மேலே குடலில் காய்ந்துகொண்டிருப்பதை ஒன்றும் செய்யாது. அடிக்கடி வைத்துப் பழக்கவும் கூடாது. அவசரத்துக்கு ஒருமுறை என்ற அளவில் அதற்கு என் மதிப்பு உண்டு.

மறுநாள் மருத்துவர் கேட்ட கேள்விகளை எழுதுகிறேன், ஏனெனில் மருந்துக்கடையில் நேராக பாட்டில் கேட்கிறவர்களிடம் அவற்றை யாரும் கேட்பதில்லை. பிறந்த 48 மணி நேரத்துக்குள் கருநிற மலம் போயிற்றா, வயிறு உப்பியே இருக்கிறதா, பச்சையாக வாந்தி எடுத்தாளா, எடை ஏறுகிறதா, பிறந்தபோது தைராய்டுப் பரிசோதனை செய்தீர்களா. முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோயை நினைக்க வேண்டுமாம். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி, எந்தச் சிரப்பும் உதவாது. தேன் நக்கக் கொடுத்தீர்களா என்றும் கேட்டார். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் வரக்கூடிய பொட்டுலிசம் என்ற நோயின் முதல் அறிகுறி பல நேரம் மலச்சிக்கல்தானாம். நல்லவேளையாக எங்கள் வீட்டில் கொடுத்திருக்கவில்லை.

இனி சிரப்புக்கு வருகிறேன். லாக்டுலோஸ் என்பது காலக்டோஸும் ஃப்ரக்டோஸும் இணைந்த, செயற்கையாகச் செய்யப்படும் ஒரு சர்க்கரை. 1929-இல் முதலில் உருவாக்கப்பட்டு, 1950-களிலிருந்து மருந்தாகப் பயன்பட்டுவருகிறது. சிறுகுடலில் அதைப் பிரிக்க நம் உடலில் நொதி இல்லாததால் அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கிருமிகள் அதை அமிலங்களாக உடைக்க, அவை நீரை இழுத்து மலத்தை இளக்குகின்றன. குடலைக் கிள்ளி விரட்டும் வகை மருந்து இல்லை என்பதே இதில் எனக்குப் பிடித்தது. இந்த வேலை முறையாலேயே பலன் தெரிய ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை ஆகும், வாயுவும் சேரும். என் பெரியப்பா கல்லீரல் நோய்க்காக இதே மருந்தைக் கரண்டி கரண்டியாகக் குடித்ததைப் பார்த்திருந்ததால், குழந்தைக்கு இதையா என்று எனக்கு முதலில் திக்கென்றது. மருந்து ஒன்றுதான், அளவும் நோக்கமும் வேறு என்று மருத்துவர் தெளிவுபடுத்திய பிறகே நிம்மதி வந்தது.

என் மகளுக்குக் காலையும் இரவும் 2.5 மி.லி. எழுதினார். பாட்டிலோடு வரும் மூடிக்கோப்பையில் 5, 10, 15 என்றுதான் கோடுகள் இருந்தன. பாதிக் கோட்டைக் கண்ணால் மட்டிட்டு ஊற்றினால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். குழந்தைகளுக்கு இவ்வளவு எழுதப்படும் ஒரு மருந்துக்கு ஓர் அளவுக்குழலை உடன் வைக்காதது பெரிய குறை. ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்றைத் தனியாக வாங்கி, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட்டேன். பாலாடையில் ஊற்றிக் கொடுத்தால் பாகு அடியில் ஒட்டிக்கொண்டு பாதி நின்றுவிடுகிறது. ருசி தித்திப்பு, ஆகவே துப்பவில்லை, மூன்றாம் நாள் முதல் சிரிஞ்சைக் கண்டாலே வாயைத் திறந்தாள். ஆனால் அந்தத் தித்திப்புக்கு எறும்பு மொய்க்கும். மூடியைத் துடைத்து, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே பாட்டிலை நிறுத்தி வைத்தேன். கீழே இரண்டு பல் முளைத்திருந்ததால் இரவு மருந்துக்குப் பின் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் வயிறு கடமுடவென்று சத்தமிட்டது, வாயு பிரிந்துகொண்டே இருந்தது, இரவில் இருமுறை விழித்து அழுதாள். அளவைக் கூட்டலாமா என்று கை துடித்த நேரம் அது. கூட்டாமல் விட்டது நல்லதாயிற்று. மூன்றாம் நாள் காலை, குளிக்க வைக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதே, முக்கலோ அழுகையோ இல்லாமல் களி போலப் போனாள். ஐந்தாம் நாள் நான்கு முறை தண்ணீராகப் போய், அரையிடுக்கு சிவந்துவிட்டது. மருத்துவரைக் கேட்டு ஒரு நாள் நிறுத்தி, பிறகு இரவில் மட்டும் 2.5 மி.லி. என்று பத்து நாள் கொடுத்தேன். இந்த அளவுகள் என் மகளின் வயதுக்கும் எடைக்கும் எழுதப்பட்டவை, உங்கள் குழந்தைக்கு உங்கள் மருத்துவர் சொல்வதே அளவு. காலக்டோஸை உடல் ஏற்காத பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது.

சற்று வளர்ந்த குழந்தைகளின் மலச்சிக்கலுக்கு, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியை முதல் தேர்வாக ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல் மருத்துவச் சங்கங்களின் 2014-ஆம் ஆண்டுக் கூட்டு வழிகாட்டி சொல்கிறது. அது கிடைக்காதபோது லாக்டுலோஸ் என்பது அதன் நிலைப்பாடு. ஆகையால் பெரிய பிள்ளைக்கு எழுதியது வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

மருந்தைவிட நான் அதிகம் கற்றுக்கொண்டது சமையலறையில். கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்த பாலைக் காய்ச்சி, கரண்டியில் நிற்கும் கெட்டியில் தினம் இருவேளை ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வேளைக்கு நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி. எல்லாம் சத்தானவை என்றுதான் செய்தேன். ஆனால் வடிகட்டும்போது குடலுக்கு வேண்டிய சக்கை முழுவதும் துணியிலேயே நின்றுவிடுகிறது என்பதும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலில் கிடைத்த நீர், திட உணவு கூடியபோது குறைந்துவிட்டது என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது கேழ்வரகு ஒருவேளை மட்டும், அதுவும் ஓடுகிற பதத்தில். பேரிக்காயை ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுக்கிறேன், அதிலுள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரையும் லாக்டுலோஸைப் போலவே நீரை இழுக்கும். பருப்புச் சாதத்தில் கீரை மசியல், மாலையில் இரண்டு தேக்கரண்டி பழுத்த பப்பாளி, ஒவ்வொரு ஊட்டலுக்குப் பிறகும் ஆறிய வெந்நீர் சில மடக்கு. பால்மாவு கொடுப்பவர்கள், டப்பாவில் சொன்னதைவிட ஒரு கரண்டி கூட்டிக் கலக்கினாலும் மலம் இறுகும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிப்பாட்டும்போது தொப்புளைச் சுற்றி வலஞ்சுழியாக வயிற்றைத் தடவுவதும், கால்களைச் சைக்கிள் மிதிப்பது போல மடக்கி நீட்டுவதும் அத்தையின் பொறுப்பு.

கடைசி ஐந்து நாள் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்து, 21-ஆம் நாள் நிறுத்தினேன். சட்டென நிறுத்தியிருந்தால் பழையபடி இறுகியிருக்கும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். 100 மி.லி. பாட்டிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மீதமிருக்கிறது. திறந்த தேதியை மூடியில் எழுதி மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். நிறுத்தி எட்டு நாளாகிறது, நேற்றும் இன்றும் காலையில் இளக்கமாகவே போனாள்.