ஸ்பாஞ்ச் ஃபில்டர்: நான்கு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

கல்லூரி முடித்த வருடம் கடைசி ஏஞ்சல் மீனும் செத்தது. தொட்டியை மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டவள், 14 வருடம் கழித்து இந்த ஆடியில்தான் மறுபடி மீன் வாங்கக் கொளத்தூர் போனேன்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தொட்டி கழுவும் நாள். மீன்களை வாளியில் விட்டு, கல்லை அரிசி களைவது போலக் களைந்து, கண்ணாடியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றுவோம். செவ்வாய்க்குள் ஒன்றிரண்டு மிதக்கும். கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டுவோம். பாவம், அந்த மனிதர்.

இந்த முறை 2 அடிக்கு 1 அடித் தொட்டி, ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். கடையில் பளபளவென்று தொங்கும் மோட்டார் ஃபில்டரைத்தான் கேட்டேன். கடைப் பையன் கேட்டது ஒன்றுதான்: "என்ன மீன்க்கா போடப் போறீங்க?" கப்பி என்றேன். "அப்ப அது வேணாம், குட்டியெல்லாம் உள்ள இழுத்துரும்" என்று கறுப்பு ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து வைத்தான். 150 ரூபாய். ஏர் பம்பு 350. மீன் கொடுக்க மாட்டேன், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றும் சொல்லிவிட்டான். கூடவே, தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சை ஒரு கவரில் பிழிந்தான். டிகாஷன் நிறத்தில் இறங்கியது. "இத ஊத்துங்க, இதான் சரக்கு."

சரக்கு என்று அவன் சொன்னது பாக்டீரியாவை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், அதை இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவதை வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். சூடும் காரத்தன்மையும் கூடிய தண்ணீரில் அம்மோனியா இன்னும் கடுமையாகும் என்பதால் சென்னையில் இது விளையாட்டில்லை. நாங்கள் ஞாயிறுதோறும் தேய்த்துத் தேய்த்துக் கழுவி ஊற்றியது இந்தப் பாக்டீரியாவைத்தான். அடுத்தவர் தொட்டித் தண்ணீரோடு நோயும் வரலாம் என்ற பயம் எனக்கு இருந்தது. அவன் தொட்டியில் மீன்கள் துடிப்பாக இருந்ததால் துணிந்தேன்.

வேலை செய்யும் விதம் எளிமை. பம்பு காற்றை உள்ளே தள்ளுகிறது, குமிழிகள் நடுக்குழாய் வழியே மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன, அந்த இடத்துக்கு ஸ்பாஞ்ச் வழியாகப் புதுத் தண்ணீர் வருகிறது. பாக்டீரியா குடியிருப்பது ஸ்பாஞ்சின் ஓட்டைகளில். புது ஸ்பாஞ்ச் முதலில் மிதக்கும். தண்ணீருக்குள் வைத்து நாலைந்து தடவை பிழிந்து காற்றை வெளியேற்றினால்தான் அடியில் உட்காரும்.

மீனே இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன்; அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. மாமியார் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா போடுறே?" என்றார். தொட்டித் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்டில், அம்மோனியாவுக்குப் பச்சையாக வந்தது மெல்ல மஞ்சளுக்கு இறங்கி, 24ஆம் நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். அப்புறம்தான் மீன்: 3 ஆண் கப்பி, 5 பெண். நியான் டெட்ரா மேல் கண் இருந்தது. ஆனால் அது அமேசான் பக்கத்து மீன், மென்மையான தண்ணீர் கேட்கும். எங்கள் போர் தண்ணீரோ வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும் ரகம். கப்பிக்கு அது சுகம்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. பம்பைத் தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைத்திருந்தேன், முட்டாள்தனம். காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியே திரும்பி இறங்கி, காலையில் அலமாரி முழுக்க ஈரம், பம்பு காலி. தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது டியூபில் சின்னதாக ஒரு வால்வு மாட்ட வேண்டும். வால்வு இருபது ரூபாய்தான். அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஃபில்டர் பெட்டியிலும் ஒரு வரி இல்லை.

மற்ற குறைகள்: பார்க்க அசிங்கம். தொட்டி மூலையில் கறுப்பு இட்லி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பெரிய கழிவை இழுக்காது, டியூப் வைத்து நாம்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்பு சத்தம் ராத்திரியில் உர்ரென்று கேட்கும்; பழைய துண்டை மடித்து அடியில் வைத்தபின் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு என் கணவர் இன்னும் புலம்புகிறார். கரண்ட் செலவு பேச்சில்லை: 3 வாட், மாதம் முழுக்க ஓடினாலும் 2 யூனிட்டுக்குச் சற்று மேல்.

பராமரிப்பு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி. குழாயடிக்குக் கொண்டுபோகவே கூடாது, மெட்ரோ தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைத் தீர்த்துவிடும். வெளுக்கும்வரை கழுவக் கை பரபரக்கும். பிழிந்த தண்ணீரை ரோஜாத் தொட்டியில் ஊற்றுகிறேன்.

பெரிய தொட்டி, தங்கமீன் மாதிரி அசுத்தம் பண்ணும் மீன் என்றால் இது ஒன்று மட்டும் போதாது. கப்பி, மாலி, ஃபைட்டர் வளர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். போன வாரம் குட்டிகள் வந்தன. பெரியவை தின்றது போக 17 எண்ணினேன். கமா அளவு உடம்பு, அதில் பாதி கண். எல்லாம் அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சைச் சுற்றி நின்று அதன் மேல் படிந்ததைக் கொத்திக்கொண்டிருக்கின்றன.