ஆப்பில் 4 டிகிரி, அறையில் 17 டிகிரி: 3 லட்சம் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

3 லட்சம் மதிப்புள்ள மருந்து வீணாகி இன்றோடு ஆறு நாள். ஆத்திரம் அடங்கவில்லை. அடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

நான் மருந்து மொத்த விற்பனை செய்கிறேன். இன்சுலின், தடுப்பூசி போன்றவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். முன்பெல்லாம் இரவில் ஒருவர் இரண்டு முறை குளிர் அறையைப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பார். அப்போதுதான் ஸ்மார்ட் கண்காணிப்புக் கருவி விற்கும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். அறைக்குள் சென்சார், வெளியே கேட்வே என்று ஒரு பெட்டி, அதிலிருந்து அவர்கள் சர்வர், அங்கிருந்து என் போன். வந்தவர் சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார். அரை நிமிடத்தில் என் போன் அலறியது. "இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் சார்" என்றார். அந்த ஒரு அலறலை நம்பித்தான் பணம் கட்டினேன். இரவில் பார்ப்பவரை வேறு வேலைக்கு மாற்றியதும் அதை நம்பித்தான்.

அன்று நள்ளிரவுக்கு முன் பிரேக்கர் விழுந்திருக்கிறது. கம்ப்ரஸர் நின்றது. கேட்வேயும் நின்றது, ஏனென்றால் அவர்கள் ஆளே இரண்டையும் ஒரே லைனில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரவு 1 மணிக்கு விழிப்பு வந்து ஆப்பைப் பார்த்தேன். 4.1 டிகிரி, பச்சை நிறம். திரும்பப் படுத்துவிட்டேன். காலையில் போய் பிரேக்கரைத் தூக்கிவிட்ட பிறகுதான் போன் அலறியது: 17 டிகிரி!

அந்த 4.1 எங்கிருந்து வந்தது? இந்தத் துறையில் இருக்கும் நண்பர் சொன்னபோது வயிறு எரிந்தது. இந்தக் கருவிகள் பேசிக்கொள்வது எம்க்யூடிடி என்ற முறையில். 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. சென்சார் மதிப்பை அனுப்பும், நடுவில் இருக்கும் சர்வர் அதை வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும். கடைசியாக வந்த மதிப்பைப் பிடித்து வைத்து, யார் திறந்தாலும் அதையே காட்டச் சொல்லவும் முடியும். நான் 1 மணிக்குப் பார்த்தது செத்துப்போன பெட்டி கடைசியாகச் சொன்ன வார்த்தை.

அதே முறையில் இதற்கு மருந்தும் இருக்கிறது. இணைப்பு அறுந்தால் எல்லோருக்கும் சொல்லிவிடு என்று கருவி முன்கூட்டியே சர்வரிடம் ஒரு செய்தியைக் கொடுத்து வைக்கலாம். 60 விநாடி என்று கெடு வைத்திருந்தால், அதன் ஒன்றரை மடங்கான 90 விநாடி சத்தமில்லை என்றதுமே சர்வர் எச்சரித்திருக்கும். அதை இவர்கள் அமைக்கவே இல்லை. 90 விநாடியில் தெரிய வேண்டியது எனக்கு விடிந்த பிறகு தெரிந்தது. அதன் விலை 3 லட்சம்.

போன் செய்தேன். முதலில் "உங்கள் வைஃபை பிரச்சினை சார்." அப்புறம் "புகார் டிக்கெட் போட்டிருக்கிறோம்." மூன்றாம் நாள் "எங்கள் சர்வர் நன்றாகத்தான் ஓடியது." ஓடியது, அதுதானே கொடுமை! காப்பீட்டுக்காரர் வெப்பநிலைப் பதிவைக் கேட்கிறார். ஆப்பின் வரைபடத்தில் அந்த இரவின் இடைவெளியை ஒரு கோடு இழுத்து நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் அறை பொழுதெல்லாம் மெதுவாகச் சூடேறியதாகத் தெரிகிறது, நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததுபோல! நேரத்தோடு கூடிய மூலத் தரவைக் கேட்டால், அது பெரிய திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமாம். என் அறை, என் சரக்கு, என் 3 லட்சம், தரவு மட்டும் அவர்களுடையது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். பணம் கட்டும் முன் அவர்கள் எதிரிலேயே கேட்வேயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருங்கள். போன் சத்தம் போடாவிட்டால் வாங்காதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த நேரத்து எண் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கேட்வேக்கு பேட்டரி கேளுங்கள். மூலத் தரவு உங்கள் கைக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், 2016-ல் மிராய் வைரஸ் அப்படி மாற்றாத கருவிகளில்தான் புகுந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர்களிடமிருந்து செய்தி: "உங்கள் டிக்கெட் முடித்துவைக்கப்பட்டது."