செம்பியின் சொறிக்கு ஊசியா, மருந்துக் குளியலா, மாத்திரையா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனை இளநீர் வண்டிக்கு அடியில் கிடந்த நாய்க்குட்டியைப் போன ஜூனில் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். ஏழு மாதம் இருக்கும். கண்களைச் சுற்றி வளையமாக முடி கொட்டியிருந்தது. முன்னங்காலில் தோல் தடித்துக் கருத்து, கிட்டே போனால் ஊசின வாடை. செம்பி என்று பெயர் வைத்தோம். அந்தச் செம்பட்டை முடி அப்போது காதோரம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

அதற்கப்புறம் ஊசியையும் பார்த்தோம், மாத்திரையையும் பார்த்தோம். மருந்துக் குளியலை விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டோம். என் ஓட்டு மாத்திரைக்கு. ஆனால் எந்தப் பூச்சி என்று தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நாய்ச் சொறியில் முக்கியமாக இரண்டு வகை. சார்கோப்டிஸ் தோலைக் குடைந்து உள்ளே போகிற பூச்சி. நாய் ராத்திரி பகல் பாராமல் சொறியும். காது மடல் ஓரம், முழங்கை, வயிறு எல்லாம் பொருக்குத் தட்டும். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறியக் கிளம்பும். வீட்டு ஆட்களுக்கும் கையிலும் வயிற்றிலும் அரிக்கும். டெமோடெக்ஸ் அப்படியில்லை. அது முடிக்குழிக்குள் இருப்பது. பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். நல்ல நாய்களிடமும் கொஞ்சம் உண்டு, எதிர்ப்புச் சக்தி தளரும்போதுதான் பெருகும். புண்ணில் சீழ் வைக்காதவரை அரிப்பு குறைவு. மனிதருக்கு ஒட்டாது.

கண்ணால் பார்த்தே மருந்து எழுதினால் என்ன ஆகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். முதலில் போன கிளினிக்கில் சுரண்டிப் பார்க்காமலே ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகத்திலிருந்து மார்புவரை பரவிவிட்டது. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும். டெமோடெக்ஸுக்கு அதைவிட வசதி வேறில்லை. அடுத்த டாக்டர் தோலைப் பிதுக்கி, பிளேடில் எண்ணெய் தொட்டு, மெல்ல ரத்தம் கசிகிறவரை சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். சுருட்டு போல நீண்ட உடம்பு, முன்பக்கம் குட்டை குட்டையாக எட்டுக் கால். ஒன்றல்ல, கூட்டமாக.

அமிட்ராஸ் என்ற மருந்தில் குளிப்பாட்டுவது பழைய வைத்தியம், வேலை செய்யும். ஆனால் மருந்து கலந்த தண்ணீரை ஊற்றியபின் அலசக் கூடாது, உடம்பிலேயே காய வேண்டும், நக்கவும் விடக் கூடாது. ஜூலைத் தூறலில், முற்றம் இல்லாத வீட்டில் நாயை எங்கே காயவைப்பது? அதோடு, அம்மாவுக்குச் சர்க்கரை. அமிட்ராஸ் சர்க்கரையை ஏற்றக்கூடியது, சர்க்கரை நோயாளிகள் அதைக் கையாளக் கூடாது. அத்தோடு அந்தப் பேச்சை விட்டோம்.

ஐவர்மெக்டின் ஊசி மலிவு. வாரம் ஒன்று என்று ஆரம்பித்தோம். தகராறு மருந்தில் இல்லை, போக்குவரத்தில். முடி கொட்டிய நாயைப் பார்த்ததும் ஆட்டோக்காரர்கள் ‘பேட மேடம்’ (வேண்டாம் மேடம்) என்று கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது வாரம் நான்கு ஆட்டோ போனபின், அவளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மழையில் நின்று, திரும்பி வந்துவிட்டேன். அந்த வாரம் ஊசி இல்லை. நான்காவது வாரம் எனக்கு ஆபீஸ். டெமோடெக்ஸுக்கு ஐவர்மெக்டின் என்றால் மாதக்கணக்கில் தினமும் வாய்வழி கொடுப்பதுதான் முறை, வார ஊசி பெரும்பாலும் போதாது என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். காலி (collie) இன நாயோ அதன் கலப்போ என்றால் அதையும் யோசிக்க வேண்டும்; சிலவற்றுக்கு அந்த மருந்து மூளைவரை ஏறி உயிருக்கே ஆபத்து.

சார்கோப்டிஸ் என்றால் ஊசியைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெரு அண்ணன் தன் நாய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி போட்டார், அவர் கையில் இருந்த அரிப்பும் சேர்ந்து அடங்கியது. ஆனால் அவரிடம் சொந்த ஆட்டோ இருக்கிறது.

நாங்கள் ஆகஸ்டில் ஃப்ளூரலானருக்கு மாறினோம். கடையில் பிரவெக்டோ என்று கிடைக்கும் மெல்லும் மாத்திரை. ஒன்று கொடுத்தால் பன்னிரண்டு வாரம் தாங்கும். டெமோடெக்ஸ் நாய்களுக்கு ஒரே மாத்திரை கொடுத்துப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில், 56-ஆம் நாள் சுரண்டியபோது ஒரு பூச்சிகூட இல்லை. விலை கையைக் கடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் நோய் குணமாவது மருந்தின் வீரியத்தால் மட்டும் இல்லை, தவணை தப்பாமல் முடிப்பதால். சோற்றோடு கொடுத்துக் காலண்டரில் தேதியைக் குறித்தேன், அவ்வளவுதான். வயிறு நிறைந்திருந்தால்தான் மருந்து நன்றாக உடம்பில் சேரும், அதனால் சாப்பாட்டு வேளையிலேயே கொடுங்கள்.

வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மருந்து வகைக்கு வலிப்பு எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2018-இல் வெளியிட்டது. அமெரிக்க லேபிள்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பிரவெக்டோ இல்லை. நான் கண்டது ஒரே ஒரு நாயை, அதுவும் இளம் வயது நாயை. வயதான நாய்க்கு டெமோடெக்ஸ் புதிதாக வந்தால் உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஐந்தாவது வாரம் மூக்குக்கு மேலே பூனைமுடி மாதிரி மெல்லிசாக முளைத்தது. அதைப் பார்த்துவிட்டு நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டி, இரண்டிலும் பூச்சி இல்லை என்றால்தான் முடிந்தது என்று கணக்கு. செம்பிக்கு அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று பார்த்தோம், இரண்டும் சுத்தம். உடம்பு முழுக்கப் பரவும் டெமோடெக்ஸ் பரம்பரையாகவும் வரும் என்பதால் அவளைக் குட்டி போட விடக் கூடாது என்றார் டாக்டர். கருத்தடைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். போன வாரம் தேதி வாங்கக் கூட்டிப்போனபோது, கூப்பிட்ட முதல் ஆட்டோவே நின்றது.