பெட்டி ராட்டை: இருபது வாங்குமுன் ஒன்று

பள்ளிக்கோ விடுதிக்கோ மொத்தமாக ராட்டை வாங்க நினைக்கும் ஆசிரியர்கள் முதலில் ஒன்றே ஒன்று வாங்கட்டும், தங்களுக்கு. வாத்தியார் தொடாத ராட்டை அடுத்த பருவத்தில் பரணுக்குப் போய்விடும்.

எரவாடா ராட்டை என்றும் சொல்லப்படும் இந்தப் பெட்டி வடிவம், 1930களின் தொடக்கத்தில் காந்தி புனேயின் எரவாடா சிறையில் இருந்தபோது திருத்தி அமைத்தது. பயணத்தில் தூக்கிப்போகலாம், கூட்டத்தின் நடுவிலும் நாலு பேர் பார்க்க நூற்கலாம். பெரிய சக்கரத்திலிருந்து ஒரு கயிறு சின்னச் சக்கரத்தின் நடுக்குடத்துக்கு. அதன் விளிம்பிலிருந்து இன்னொரு கயிறு, நூலை முறுக்கும் கம்பியான கதிருக்கு. இரண்டு கட்டமாக வேகம் கூடுவதால் கையடக்கப் பெட்டியிலேயே கதிர் பறக்கிறது. நூற்ற நூலைச் சிட்டமாக, அதாவது வளையக் கட்டாகச் சுற்றும் சட்டமும் உள்ளேயே அடங்கும்.

கடையில் பாலிஷைப் பார்க்காதீர்கள், கதிரைப் பாருங்கள். கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினால் நுனி துள்ளக் கூடாது. துள்ளினால் வளைந்த கதிர். என்னதான் பழகினாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கயிற்றின் முடிச்சு பருமனாக இருந்தால் சுற்றுக்கு ஒரு தரம் இடறும். இரு சக்கரமும் ஒரே மட்டத்தில் ஓடாவிட்டால் கயிறு கழன்று விழும்.

நூற்பது இப்படி: கதிரில் ஒரு முழம் நூல் கட்டி, அதன் நுனியைப் பட்டையோடு, அதாவது நூற்பதற்காக உருட்டிய பஞ்சுச் சுருளோடு சேர்க்க வேண்டும். வலக்கை சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, இடக்கை பட்டையைப் பின்னுக்கு இழுக்கும். நூல் கதிர்நுனியிலிருந்து சாய்வாகப் போகும் நேரமெல்லாம் முறுக்கு ஏறும். கை முழுக்க நீண்டதும் சக்கரத்தைக் கொஞ்சம் பின்சுற்றி, நூலைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக்கொள்ளலாம். சக்கரம் முந்தினால் நூல் சுருண்டுகொள்ளும். கை முந்தினால் முறுக்கு போதாமல் பிரிந்துவிடும். பட்டையை இறுக்கிப் பிடித்தால் பஞ்சே நகராது.

இந்தக் கடைசிச் சங்கதியை வாயால் சொல்லித் தர முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டையை எவ்வளவு லேசாகத் தொடுகின்றன, எந்த நொடியில் தளர்கின்றன என்று பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாத்தியார் நூலும் அறும். அவர் சலிக்காமல் ஒட்டிப் போட்டுத் தொடர்வதையும் பார்க்கட்டும்.

கட்டாயப்படுத்தி நூற்க வைத்த கதையும் உண்டு. 1924 பெல்காம் காங்கிரசில், உறுப்பினர் மாதம் 2000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தார்கள். 20ஆம் நம்பர் நூலில் (நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு) அது 54 கிராம் அளவுதான். ஆனால் பிறர் நூற்றதைக் கொடுக்கவும் வழி வைத்திருந்தார்கள். 1925லேயே நூலுக்குப் பதில் நாலணா தந்தால் போதும் என்று விதி தளர்ந்தது. காந்தி மட்டும் தன் நூற்பை நிறுத்தவில்லை.

குறைகள்: சம்பாத்தியத்துக்கு இது ஆகாது. அதற்கு ஏகாம்பரநாதன் என்ற தமிழர் வடிவமைத்த, பல கதிர் கொண்ட அம்பர் சர்க்காதான். நாற்காலியில் உட்கார்ந்து, உயர்ந்த மேசையில் வைத்தால் தோள் வலிக்கும், தரையே சௌகரியம். மழைக்காலத்தில் மரம் ஊதி மூடி பிடித்துக்கொள்ளும். அமுங்கிய பழைய பட்டையைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள், அதில் சீராக இழுக்கவே வராது. மொத்தமாக எடுக்கும்போது ராட்டைக்கு ஓர் உபரிக் கதிரும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு குப்பியும் சேர்த்துக் கேளுங்கள்.