வியாசர்பாடி அக்கா அத்தோ கடை, பழைய ருசி அப்படியே இருக்கு

போர்டு கிடையாது, பேரும் கிடையாது, சென்னை வியாசர்பாடில நம்ம தெருப்பக்கம் வந்து அக்கா அத்தோ கடைன்னு கேட்டா சின்னப் பசங்க கூட கை காட்டுவாங்க. அத்தோன்னா கையால பெசஞ்சு தர்ற பர்மா நூடுல்ஸ். நான் பத்து வருசமா சாப்பிடுற கடை. நடுவுல இந்தக் கடை அவ்ளோதான்னு ரெண்டு தடவ நெனச்சுட்டேன், அதனாலதான் இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

2020 லாக்டவுன்ல வண்டி மாசக்கணக்கா சும்மா நின்னுச்சு, அப்புறம் தள்ளுவண்டிக்காரங்களுக்கு ஸ்வநிதி லோன்னு 10,000 ரூபா குடுத்தாங்கல்ல, அத வாங்கித்தான் அக்கா மறுபடி அடுப்பு பத்த வச்சாங்க. அதக் கட்டி முடிச்சு மூச்சு விடுறதுக்குள்ள 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். தெருவுல இடுப்பளவு தண்ணி, வண்டி கவுந்து கெடக்கு, நூடுல்ஸ் மூட்டை, பூண்டு, எண்ணெ டின்னு எல்லாம் சாக்கடைத் தண்ணில போச்சு. ரேஷன் கடைல குடுத்த 6,000 வீட்டு சாமானுக்கே பத்தல. ஆட்டோ ஸ்டாண்டு அண்ணனுங்கதான் வண்டிய நிமித்தி வெல்டிங் வச்சுக் குடுத்தாங்க, மளிகைக்காரரு கைல காசு கேக்காம சரக்கு போட்டாரு. இப்போ வண்டி பக்கத்துலயே சின்ன ரூம் ஒண்ணு வாடகைக்கு எடுத்து நாலு ஸ்டூல் போட்டிருக்காங்க, கூட வேலைக்கு ரெண்டு பேர். செவுத்துல தண்ணி நின்ன கோடு இன்னும் தெரியுது.

சரி சாப்பாட்டுக்கு வரேன். அக்காவோட தாத்தா பாட்டி அறுபதுகள்ல பர்மாவுல இருந்து கப்பல்ல வந்தவங்க, அந்தக் கைப்பக்குவம் அப்படியே இருக்கு. மஞ்ச நூடுல்ஸ், மெலிசா சீவுன கோஸு, வெங்காயம், புளித்தண்ணி, கடலமாவு, மொளகாத்தூள் எல்லாத்தையும் குண்டான்ல போட்டு கையாலயே பெசைவாங்க, கடைசியா பூண்டு காச்சுன எண்ணெய ஒரு கரண்டி ஊத்தும்போது வர்ற வாசம் இருக்கே, தெருமுனையிலேயே நம்மள இழுத்துடும். மேல பேஜோவ, அதாவது தட்டை மாதிரி மொறுமொறுன்னு பொரிச்சத, நொறுக்கிப் போட்டு, பக்கத்துல கிண்ணத்துல வாழத்தண்டு சூப்பு. சூப்பு எத்தன தடவ கேட்டாலும் மொகம் சுளிக்காம ஊத்துவாங்க. பூண்டு வெல ஏறுனப்போ நெறைய கடைல எண்ணெய கொறச்சுட்டாங்க, இங்க கொறையவே இல்ல. முட்டைய விட்டுடாதீங்க, அவிச்ச முட்டைய கீறி உள்ள பொரிச்ச வெங்காயம் பூண்டு அடைச்சு புளித்தண்ணி விட்டுத் தருவாங்க, ஒரே வாயில போட்டுடணும்.

கொற சொல்லணும்னா பார்சல்தான், வீட்டுக்குப் போறதுக்குள்ள நூடுல்ஸ் ஊறி ஒட்டிக்குது, பேஜோவ தனியா கட்டித் தரச் சொல்லுங்க. மழ நாள்ல உக்கார எடம் கெடைக்காது.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தொறப்பாங்க, மொய்ங்கா (சூப்பு ஊத்தித் தர்ற பர்மா நூடுல்ஸ்) வேணும்னா ஏழரைக்குள்ள போயிடுங்க, எட்டு மணிக்கெல்லாம் அண்டா காலி.